சஹனில் உட்கார்ந்த களவா

குல்சும் வீட்டு அலமாரியிலிருந்த பீங்கான்தட்டு மீன்களுக்குக் காலையில் பசிக்கும். ஒரு பிடி சோறு வைத்து, கடல்தண்ணீரில் நனைத்த துணியால் முதுகைத் துடைத்துவிட்டால் மறுநாள்வரை சும்மா கிடக்கும். மறந்தால் தட்டுகள் ஒன்றையொன்று இடிக்கும். கீழக்கரையில் பழைய வீடு எது இடிபட்டாலும் அவள் சாக்குப்பையோடு போய் நிற்பாள். கப்பல் வணிகக் காலத்தில் கொழும்பிலிருந்தும் பினாங்கிலிருந்தும் வந்த தட்டுகள். நண்டும் விலாங்கும் சிப்பியும் உயிரோடு இருப்பதுபோலப் புடைத்து நிற்பவை. கணவர் ரிஃபாய் சவூதியில் தம்மாமில் வேலை பார்த்த வருடங்களில் ஒரு அலமாரி நாலானது. அவர் ஊர் திரும்பியபோது அவள் முழங்கால் தேய்ந்திருந்தது. "ஒரு பொண்டாட்டிய விட்டுட்டுப் போனேன். வந்து பாத்தா வீடெல்லாம் வாயாக் கெடக்கு" என்றார். "இதுகள எறக்கிவைக்க வேற எடமில்லங்க" என்றாள் குல்சும்.

அவர்கள் வழக்கப்படி வீடு மகளுக்கு. மாப்பிள்ளை அங்கே வந்து இருப்பார். மகள் மாஷிதாவுக்கு வந்த சம்பந்தங்கள் மீன்வாடையில் திரும்பிப் போயின. கடைசியாக வந்த ஹமீது சுல்தான் நேராகவே சொன்னார். "எம் மகன் அஃப்ரித் வந்து இருக்கப்போற வீடு. நிக்காஹ் முடிஞ்ச கையோட இதெல்லாம் வெளியேறிரணும்." குல்சும் தலையாட்டினாள். தட்டுகளை வாங்கிக்கொள்ள இசைந்த கொச்சிப் பழம்பொருள் வியாபாரியிடம், அங்கே சோறு வைப்பீர்களா என்று மட்டும் போனில் கேட்டாள். அவர் சிரித்தார்.

நிக்காஹ் நாளின் அலைச்சலில் மீன்களுக்குச் சோறு வைக்க மறந்துபோனாள். சுற்றி உட்கார்ந்து ஒரே பெரிய தட்டில் உண்ணும் சஹன் விருந்தில் தட்டு ஒன்று குறைந்தது. சமையற்காரர் நுஃமான் அலமாரியிலிருந்து பெரியதாக ஒன்றை எடுத்து நெய்ச்சோற்றைக் கொட்டி, சம்பந்தி முன்னாலேயே வைத்துவிட்டார். சோறு அடியிலிருந்து குறைந்தது.

"ஏலே, நான் பிஸ்மி சொல்லி முடிக்கல, பாதிய முழுங்கிட்டியே!" ஹமீது சுல்தான் தம்பியை முறைத்தார்.

"நான் இன்னும் கையே வைக்கல காக்கா. நீங்க அமுக்கிட்டு எம்மேல போடாதீங்க."

அதற்குள் சோறு விலகி, களவா மீன் ஒன்று சோற்றை மென்றபடி வெளியே தெரிந்தது. எல்லோர் கையும் நின்றது. திரைக்குப் பின்னால் குல்சும் கதவைப் பிடித்துக்கொண்டாள். மகள் கல்யாணம் இதோடு முடிந்தது என்று நினைத்தாள். அழுவதற்குக்கூட அவளிடம் தெம்பில்லை.

ஹமீது சுல்தான் தன் பக்கத்துச் சோற்றை மீனிடம் தள்ளினார். "நம்ம சஹன்ல உக்காந்துருச்சு. கூட உக்காந்தவன எழுப்பிவிடுறது மரியாதையில்ல. நுஃமான், இன்னும் ரெண்டு அகப்பை போடு."

தட்டுகளை ஏற்ற வந்த கொச்சி வண்டி வெறுமையாகத் திரும்பியது. மறுநாள் காலை அஃப்ரித் சோற்றுச் சட்டியோடு அலமாரி முன் நின்றான். "மாமி, நண்டுக்கும் வெறுஞ்சோறுதானா?"

"அதுக்கு மட்டும் கொஞ்சம் கறி ஆணம் ஊத்திப் பிசையணும், மாப்பிள்ளை" என்று சொல்லிவிட்டுப் படுத்த குல்சும் நடுப்பகல் லுஹர் பாங்கு வரை எழவில்லை.