சர்க்கரை கூடின பால்

எங்கள் அப்பா டிரைவிங் ஸ்கூல் மாஸ்டர். கற்றுக்கொள்ள வருகிறவர் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு திணறுவார்; பக்கத்து இருக்கையில் அப்பா தன் காலடியில் ஒரு தனி பிரேக்கோடு உட்கார்ந்திருப்பார். நாள் முழுக்க அந்த பிரேக்கை அவர் மிதிப்பதால்தான் எங்கள் வீட்டில் அடுப்பு எரிகிறது. ஆகவே அவருக்குத் தொடை வலித்தால் அது குடும்பத்துக்கே வந்த வலி.

கொழுப்பைக் குறைக்கிற மாத்திரை ஆரம்பித்த பிறகுதான் வலிக்கிறது என்றார். டாக்டர் அதைத் தட்டிக் கழிக்கவில்லை. சிலருக்கு அப்படி வரும் என்று சொல்லி, தசைக்கென்றே தனியாக ஒரு ரத்தப் பரிசோதனை எழுதினார். அதில் கெடுதலாக எதுவும் தெரியவில்லை. இருந்தாலும் வேறொரு மாத்திரையைக் குறைந்த அளவில் எழுதிக் கொடுத்தார்.

"மறுபடி வலிச்சா என்கிட்ட வாங்க, நீங்களா நிறுத்திடாதீங்க. உங்க அப்பா மாரடைப்புல போனவர்" என்றார்.

அப்பா நல்ல பிள்ளையாகத் தலையாட்டினார். மாத்திரையை வாங்கினார். கார் டேஷ்போர்டுக்குள் போட்டு மூடினார். அந்த மாத்திரை தசையை அரித்துத் தின்றுவிடும் என்று யாரோ ஒருவர் பலகையில் படம் வரைந்து விளக்கிய வீடியோ அவர் போனுக்கு வந்திருந்தது. அந்தப் பலகைக்கு முன்னால் டாக்டரின் பேச்சு எடுபடவில்லை.

அம்மா கெஞ்சினாள். சண்டை போட்டாள். பேசாமல் இருந்தும் பார்த்தாள், அதில் அப்பாவுக்குக் கொஞ்சம் நிம்மதிதான் கிடைத்தது. பிறகு ஒரு நாள் காரைத் துடைக்கப் போனவள் மாத்திரை அட்டையோடு திரும்பி வந்தாள். அன்றிலிருந்து அப்பா படுக்கப் போகுமுன் குடிக்கும் பாலில் சர்க்கரை கூடிவிட்டது.

நான் பார்த்துவிட்டேன். இரண்டு கரண்டிகளுக்கு நடுவில் மாத்திரையை வைத்து நசுக்கிக்கொண்டிருந்தாள்.

"இது தப்பும்மா. அவருக்குத் தெரியாம கொடுக்கக் கூடாது."

"விஷமா வைக்கிறேன்? டாக்டர் எழுதிக் கொடுத்ததுதானே. நாளைக்கு அவருக்கு ஒண்ணுன்னா உன் தப்பையும் சரியையும் வெச்சுக்கிட்டு நான் என்ன பண்றது?"

அந்தக் கரண்டிகளை நானே கழுவி வைத்தேன். அப்பாவிடம் சொல்லவில்லை.

அதற்கப்புறம்தான் கூத்து. அப்பாவுக்கு வலி போய்விட்டது. மாத்திரையை விட்டதுமே கால் பஞ்சு மாதிரி இருக்கிறது என்று பிரேக்கை மிதித்துக் காட்டினார். அடுத்த ரத்தப் பரிசோதனையில் கொழுப்பும் இறங்கியிருந்தது. காலையில் நடப்பதால், எண்ணெயைக் குறைத்ததால் தானாகவே இறங்கியது என்றார். அந்த ரிப்போர்ட்டை ஆபீஸ் மேஜைக் கண்ணாடிக்கு அடியில், எல்லாரும் பார்க்கிற மாதிரி வைத்தார். புது மாத்திரை அவருக்கு ஒத்துக்கொண்டதா, இல்லை வலி முதலிலிருந்தே பயத்தால் வந்ததா, எனக்குத் தெரியாது. அதே மேஜையில் உட்கார்ந்து லைசென்ஸ் விண்ணப்பங்களை நிரப்பும்போது அந்த ரிப்போர்ட்டைப் பார்க்க எனக்கு எரிச்சலாக வரும்.

அவர் அத்தோடு நின்றிருக்கலாம். நிற்கிற ஆளா அவர்? கியர் மாற்றச் சொல்லிக் கொடுக்கிற கையோடு மாத்திரையை விடவும் சொல்லிக் கொடுக்க ஆரம்பித்தார். பலர் ஒரு காதில் வாங்கி மறு காதில் விட்டார்கள். என் மாமா அப்படி விடவில்லை.

மாமா அம்மாவின் ஒரே தம்பி, ஏசி மெக்கானிக். அவர்களுடைய தாய் சீக்கிரமே போய்விட்டதால் அம்மாதான் அவரை இடுப்பில் சுமந்து வளர்த்தாள். போன வருஷம் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தவருக்கு ரத்தக் குழாயில் ஸ்டென்ட் வைத்திருக்கிறது. கொழுப்பு மாத்திரையை ஒரு நாளும் விடக்கூடாது என்று ஆஸ்பத்திரியில் படித்துப் படித்துச் சொல்லி அனுப்பியிருந்தார்கள். ஆனால் ஏசி பெட்டியைத் தோளில் தூக்கிக்கொண்டு ஏணி ஏறுகிறவருக்குத் தோள் வலிக்காமல் இருக்குமா?

ஒரு ஞாயிற்றுக்கிழமை சாப்பிட வந்தவர், சோற்றைப் பிசைந்தபடியே சொன்னார்.

"அத்தான் சொன்னாருன்னு நானும் நிறுத்திட்டேன்க்கா. தோள் லேசாயிடுச்சு."

அம்மாவின் கையில் கரண்டி அப்படியே நின்றது.

"எப்போ?"

"அது ஆச்சு, ஒரு மாசம்."

"டாக்டர்கிட்ட கேட்டியாடா?"

"அவர்கிட்ட என்ன கேக்கறது? சாட்சி எதிர்லயே உக்காந்திருக்காரே."

சாட்சி பெருமையாகச் சிரித்துக்கொண்டு இன்னும் கொஞ்சம் சோறு போட்டுக்கொண்டது.

அம்மா கரண்டியை வைத்துவிட்டு உட்கார்ந்தாள். அவள் முகத்தைப் பார்த்ததுமே சொல்லப்போகிறாள் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. பயமாக இருந்தது, கூடவே அப்பாடா என்றும் இருந்தது.

"அவர் மாத்திரையை விடவே இல்லடா. நான் பால்ல கலந்து கொடுத்துக்கிட்டு இருக்கேன்."

அப்பாதான் முதலில் வாயைத் திறந்தார்.

"தினமுமா?"

"தினமும்தான்."

"நடுவுல சளிக்காய்ச்சல்னு போனேனே. வேற என்ன மாத்திரை சாப்பிடறீங்கன்னு அந்த டாக்டர் கேட்டப்ப, ஒண்ணும் இல்லன்னு அடிச்சுச் சொன்னேனே. அப்பவுமா?"

"அப்ப நிறுத்திட்டேன். ரெண்டும் சேர்ந்தா என்ன ஆகுமோன்னு பயமா இருந்துச்சு." அம்மாவின் குரல் இறங்கிவிட்டது. "யார்கிட்ட போய்க் கேக்கறதுன்னும் தெரியல."

அப்பா கத்துவார் என்று எதிர்பார்த்தேன். கத்தவில்லை. கை கழுவ எழுந்து போனார். குழாயடியில் நின்றவர் சட்டென்று தொடையைப் பிடித்துக்கொண்டார்.

"வலிக்குது" என்றார்.

வேறு நாளாக இருந்தால் சிரித்திருப்பேன். ஆனால் அது நடிப்பில்லை. நெற்றியில் வியர்த்திருந்தது. சுவரைப் பிடித்துக்கொண்டு, இழுத்து இழுத்து நடந்து போய்ப் படுத்துவிட்டார். உண்மையாகவே அவருக்கு வலித்தது.

மாமா அப்பா போன அறைக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"பாத்தியாக்கா?"

"இப்ப நான் சொன்னதாலதான்டா வலிக்குது. இத்தனை நாள் நல்லாத்தானே இருந்தாரு?"

"நல்லா இருக்கிற மாதிரி இருந்திருக்காரு. கரையான் உனக்குச் சொல்லிட்டா அரிக்கும்?"

"மாமா, உங்களுக்கு ஸ்டென்ட் வெச்சிருக்கு" என்றேன். "அப்பா கதை வேற, உங்க கதை வேற. நாளைக்கே டாக்டர்கிட்ட போலாம். தோள் வலின்னு சொல்லுங்க, அவரே மாத்திரையை மாத்திக் கொடுப்பாரு."

"போலாம் பாப்பா. வெயில் சீசன் முடியட்டும். இப்ப ஒரு நாள் லீவு போட்டாலும் பத்துப் பேர் போன் பண்ணுவாங்க."

"உன் கால்ல வேணா விழறேன்டா" என்றாள் அம்மா.

"சும்மா இருக்கா" என்று மாமா காலை இழுத்துக்கொண்டார். கோபமில்லை. அக்கா ஏதோ குழந்தைத்தனமாகப் பேசுகிறாள் என்பது போலச் சிரித்தார். அவர் கோபப்பட்டிருந்தால்கூடத் தேவலை, எதிர்த்துப் பேச ஒரு பிடி கிடைத்திருக்கும்.

உள்ளே அப்பா முனகுகிற சத்தம் கேட்டது. அந்த ஒவ்வொரு முனகலும் மாமாவுக்குச் சொல்கிற புத்திமதியாகிவிடுகிறதே என்று எனக்கு ஆத்திரமாக வந்தது. யார் மேல் ஆத்திரப்படுவது என்றுதான் புரியவில்லை.

அம்மா வேறு வழி தெரியாமல் காபி போட்டாள். சாப்பிட்டதும் அக்கா கையால் ஒரு டம்ளர் காபி குடிக்காமல் மாமா எழுந்து போனதே கிடையாது. கொண்டு வந்து அவர் முன்னால் வைத்தாள். மாமா டம்ளரை எடுத்தார். உள்ளே பார்த்தார். அம்மாவின் கையில் இருந்த கரண்டியையும் பார்த்தார். பிறகு டம்ளரை வைத்துவிட்டார்.

"இன்னைக்கு வேணாம்க்கா."

"வெறும் காபிதான்டா."

"தெரியும்க்கா" என்றார். தெரியும் என்றுதான் சொன்னார். சொல்லிக்கொண்டே செருப்பை மாட்டினார், டூல்ஸ் பையைத் தோளில் போட்டுக்கொண்டார், போய்விட்டு வருகிறேன் என்றார்.

அம்மா டம்ளரை எடுத்துக்கொண்டு வாசலுக்கு ஓடினாள். "பாருடா, பாரு" என்று அந்தச் சூட்டோடு ஒரு வாய் குடித்துக் காட்டினாள். மாமாவின் பைக் அதற்குள் தெருமுனை திரும்பியிருந்தது.