மசகு போட்ட வண்டியும் கானமயிலும்

1.

இந்தக் கதை ஒரு சந்தேகத்திலிருந்து பிறந்தது. பருத்தி மூட்டை ஏற்றிக் கிரீச்சிட்டுப் போகும் வண்டிகளுக்குப் பக்கத்திலேயே கானமயில் என்ற பெரிய தரைப்பறவை மேய்கிறது. சத்தமே இல்லாமல் வந்த ஒரு வண்டியைக் கண்டதும் பறந்துவிட்டது. ஏன்? என் பாத்திரமான அமிர்தராஜ் வாத்தியாரால் கடைசிவரை இதை விடுவிக்க முடியவில்லை. எனக்கே மூன்றாவது முறை எழுதும்போதுதான் பிடிபட்டது.

முதலில் எழுதிய தொடக்கம்: "கரிசல் காட்டின் மேல் பொன்வெயில் பரவிய அந்த இனிய காலையில்..." (விட்டுவிட்டேன். திருச்சுழிப் பக்கம் வெயில் பரவாது, விழும்.)

2.

1944. பெட்ரோல் தட்டுப்பாட்டால் பஸ்கள் கரியில் ஓடின.* ஒரு சனிக்கிழமை மாலை திருச்சுழியில் பஸ் ஏறிய அமிர்தராஜ், மறுநாள் காலை கோயில் மணி அடிக்கும்போதுதான் அருப்புக்கோட்டை வீட்டுக்குள் நுழைந்தார். பஸ் நின்றுவிட்டது, காட்டில் கானமயிலைப் பார்த்தேன், நெருப்புக்கோழிக்குத் தம்பி மாதிரி இடுப்பளவு நின்றது, பின்னாலேயே போனதில் இருட்டிவிட்டது என்றார். மனைவி சவுந்தரம் முழுவதையும் கேட்டாள். அன்றிலிருந்து பேச்சைக் குறைத்துவிட்டாள்.

அதனால் அந்தப் பறவை அவள் கண்ணில் பட்டே ஆகவேண்டும்.

*பின்பக்கம் ஓர் உலை. கரி பாதி எரிந்து வரும் வாயு எஞ்சினுக்குப் போகும். உலை சூடு குறைந்தால் பஸ் மேட்டில் நின்றுவிடும். கதைக்கு இது தேவையில்லை, எனக்குப் பிடிக்கும்.

3.

அடுத்த ஞாயிறு சர்ச்சில் ஆராதனை முடிந்ததும், உழுது பிழைக்கும் உக்கிரபாண்டி என்ற சம்சாரி தன் கூண்டு வண்டியோடு வந்தார்.

"பறவைக்குச் சத்தம் ஆகாது வாத்தியாரய்யா. சலங்கையக் கழட்டிட்டேன். அச்சுக்கு மசகு போட்டாச்சு. பூனை நடக்குற மாதிரி போகும் பாருங்க."

"ரொம்ப மெனக்கெட்டிருக்கீக."

"பொண்ணு பாக்கப் போனப்பகூட நான் இம்புட்டு ஏற்பாடு பண்ணல!"

சவுந்தரம் கூண்டுக்குள் பின்பக்கம் பார்த்து உட்கார்ந்தாள். திருச்சுழிக்குச் சற்று முன்னால், பொட்டலில் கானமயில் நின்றது. தலையைத் தூக்கியது.

"சவுந்தரம், அந்தா!"

அவள் திரும்பிக் குனிந்து பார்ப்பதற்குள் பறந்துவிட்டது. உக்கிரபாண்டியின் தலைப்பாகைதான் தெரிந்தது.

"அண்ணே, நீங்க பாத்தீகளா?"

"ஏதோ பெருசாப் போச்சு தாயி. கழுகாவும் இருக்கலாம். வாத்தியாரய்யா சொன்னா கானமயிலாவும் இருக்கலாம்."

4.

மசகு போட்ட வண்டியில் ஒரு தொல்லை. புருஷனும் பெண்டாட்டியும் பேசாமல் இருப்பது வண்டிக்காரருக்குக் கேட்டுவிடும்.

"இன்னும் நம்பலையா நீ?"

"பறவைய யாரு சந்தேகப்பட்டா? அன்னைக்கு நீங்க சொன்னது ஒரு இடத்துலகூடத் தட்டல. நிசமா நடந்ததுன்னா நடுவுல ரெண்டு தடவ 'அது வந்து'ன்னு நிப்பீகளே."

உக்கிரபாண்டி மாட்டைத் தேவையில்லாமல் அதட்டினார்.

5.

முடிவு ஒன்று: பறவை திரும்பி வந்து அவள் முன்னால் இறங்குகிறது. (எழுத ஒரு வரி போதும். ஆனால் அப்போது அவள் நம்புவது என்னை, அவரை அல்ல.)

முடிவு இரண்டு: அமிர்தராஜ் தொண்டையைச் செருமிக்கொண்டு, "அது வந்து, சவுந்தரம், அன்னைக்கு..."

(அந்த இரவு அவர் எங்கே இருந்தார் என்பது எனக்குத் தெரியாது. இந்த வாக்கியத்தை நீங்களே முடியுங்கள். வழவழப்பாக வேண்டாம்.)

என் சந்தேகம் மட்டும் தீர்ந்தது. கிரீச்சிடும் வண்டி, தான் வண்டிதான் என்பதைத் தூரத்திலேயே சொல்லிவிடுகிறது. பறவைக்கு அது தினமும் கேட்ட சத்தம். ஓசையில்லாமல் நெருங்குவது நரி. ஆகவே கானமயிலைப் பார்க்கப் போகிறவர்கள் சலங்கையைக் கழற்றக்கூடாது, அச்சுக்கு மசகு போடக்கூடாது.