ஈரல் துண்டும் கெளுத்தி முள்ளும்

அப்துல் ஸமத் ஹாஜியாரின் மூத்த மருமகன் பதுர்தீனுக்குப் பொறாமை பிடித்தது ஒரு கோழி ஈரலால்தான். வேறு பெரிய காரணம் இருந்தது என்று அவனுக்காக யாரும் வக்காலத்து வாங்க வேண்டாம்.

பெண்ணைக் கட்டியவன் பெண் வீட்டோடு வந்து இருப்பது அந்தக் குடும்பத்து வழக்கம். மாத்தளைக் கடைத்தெருவுக்குப் பின்னால் இருந்த அந்த வீட்டில் ஆறு வருடமாகப் பதுர்தீன்தான் ஒரே மாப்பிள்ளை. பகலில் மாமனாரின் மிளகு, ஏலக்காய்க் கடையைப் பார்த்துக்கொள்வான். ஆண்கள் ஒரே பெரிய தட்டைச் சுற்றி உட்கார்ந்து சாப்பிடுகிற சஹனில் மாமனாரின் வலப்பக்கம் அவனுடைய இடம். சோற்றின் மேல் ஈரல் துண்டை மாமி றமீஸா அவன் பக்கமாகப் பார்த்து வைப்பார். ஈரல் யார் பக்கம் இருக்கிறதோ அவர்தான் வீட்டின் செல்லப்பிள்ளை. இதை யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை, எல்லாருக்கும் தெரியும்.

அறுபத்தொன்பதாம் ஆண்டு இளையவள் றஸ்மியாவுக்குக் கல்யாணம் நடந்தது. மாப்பிள்ளை யஹ்யா கம்பளைக்காரன், அரசாங்கக் கச்சேரியில் கிளாக்கர், கலகலப்பான ஆள். முதல் வெள்ளிக்கிழமையே ஈரல் இடம் மாறியது. புது மாப்பிள்ளைக்கு மரியாதை என்று பதுர்தீன் மனதைத் தேற்றிக்கொண்டான். மூன்று மாதம் கழிந்தும் ஈரல் திரும்பி வரவில்லை. மூன்று மாதத்துக்குப் பிறகும் ஒருவன் எப்படிப் புது மாப்பிள்ளையாக இருக்க முடியும் என்று அவன் மனைவி மஸூதாவிடம் கேட்டான். அவள் சிரித்தாள். அந்தச் சிரிப்பும் அவனுக்குப் பிடிக்கவில்லை.

போகட்டும், மீன் இருக்கிறதே என்றுதான் ஆறுதல் பட்டுக்கொண்டிருந்தான். முன் ஹோலில், இரும்புச் சட்டத்தில் கண்ணாடி பதித்த நாலடித் தொட்டி ஒன்று இருந்தது. அதற்குள் ஹாஜியார் கொழும்பிலிருந்து வாங்கி வந்த ஒஸ்கார் மீன். வரும்போது விரல் நீளம்தான் இருந்தது. பதுர்தீன் தினமும் மாட்டிறைச்சியை மெல்லிசாகக் கீறிப் போட்டு அதை ஒரு சாணுக்கு மேல் வளர்த்திருந்தான். அவன் கண்ணாடிப் பக்கம் வந்தால் வாலை ஆட்டிக்கொண்டு ஓடிவரும், கையிலிருந்தே இறைச்சியை வாங்கும். மற்றவர்கள் வந்தால் முதுகைக் காட்டும். ஹாஜியார் ஒருமுறை அழகுக்காக இரண்டு தங்கமீன்களை விட்டார். அடுத்த நாள் காலையில் தொட்டியில் ஒரு செதில்கூட மிச்சமில்லை. அதிலிருந்து, இது தனியாகத்தான் இருக்கும் என்று பதுர்தீன் தீர்ப்புச் சொல்லிவிட்டான். சொல்லும்போது அவன் முகத்தில் ஒரு திருப்தி இருந்தது.

யஹ்யா அந்தத் தீர்ப்பிலும் கை வைத்தான். கொழும்பில் தங்கியிருந்த காலத்தில் அவனும் மீன் வளர்த்தவனாம். ஒரு நாள் தொட்டி முன்னால் நாற்காலியைப் போட்டுக்கொண்டு மாமனாருக்குப் பாடமே நடத்தினான். கடிக்கிற மீனுக்கும் சோடி சேர்க்கலாம், பார்த்துச் சேர்க்க வேண்டும். அதன் வாய்க்குள் போகிற அளவில் எதையும் விடக்கூடாது. பயந்து ஓடுகிற மீனை விட்டால் துரத்தியே கொன்றுவிடும், இதைப்போல முரட்டு மீனை விட்டால் இரண்டும் அடித்துக்கொண்டு சாகும். இது நடுத்தண்ணீரில் திரிகிறது, ஆகையால் அடியில் கிடக்கிற மீனாகத் தேட வேண்டும். ஹாஜியார் வாயைத் திறந்தபடி கேட்டுக்கொண்டிருந்தார். ஆறு வருடம் இறைச்சி கீறியவனிடம் அவர் ஒரு நாளும் இப்படி எதையும் கேட்டதில்லை.

அடுத்த வாரம் கச்சேரி வேலையாகப் பல்லேகமவுக்குப் போன யஹ்யா, பஸ்ஸில் ஒரு வாளியை மடியில் வைத்துக்கொண்டு திரும்பி வந்தான். வாளிக்குள் தடித்த கெளுத்தி ஒன்று மீசையை அசைத்துக்கொண்டு கிடந்தது. தொட்டியில் விடுமுன் பதுர்தீனைத் தனியாகக் கூப்பிட்டான். மூத்தவன் என்ற மரியாதையில் அவனை நானா என்றுதான் அழைப்பான்.

"நானா, இதுல ஒரு விசயம் இரிக்கு. ஒஸ்காருக்குப் பசி வந்திச்செண்டா..."

"எனக்குத் தெரியும்" என்று பதுர்தீன் வெடுக்கென்று சொல்லிவிட்டுக் கடைக்குப் போய்விட்டான். தனக்கு ஒன்றும் தெரியாது என்பது தெரிந்தும் அப்படிச் சொன்னான். நேற்று வந்தவனிடம் பாடம் கேட்க அவனால் முடியவில்லை.

கெளுத்தி கவிழ்த்து வைத்த சட்டிக்குக் கீழே குடியேறியது. ஒஸ்கார் இரண்டு தரம் வந்து முகர்ந்து பார்த்தது, பிறகு தன்பாட்டில் இருந்தது. பத்து நாள், இருபது நாள், ஒரு சண்டையும் இல்லை. வீட்டுக்கு வருகிறவர்களையெல்லாம் ஹாஜியார் தொட்டிக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்தி, சின்ன மருமகனின் தெரிவு எப்படி என்று கேட்டார். இதையெல்லாம்கூடப் பதுர்தீன் பொறுத்திருப்பான். ஒரு நாள் பின்னேரம் யஹ்யா கண்ணாடியில் விரலை வைத்தபோது ஒஸ்கார் வாலை ஆட்டிக்கொண்டு அவனிடம் ஓடியது. அதைத்தான் அவனால் பொறுக்க முடியவில்லை. யஹ்யா சொல்ல வந்த வார்த்தை அப்போதுதான் ஞாபகத்துக்கு வந்தது. பசி வந்தால். பசி வந்தால் ஒஸ்கார் கெளுத்தியைத் தின்றுவிடும், வேறென்ன இருக்கப் போகிறது? தின்னட்டும். தெரிவின் லட்சணத்தை மாமா பார்க்கட்டும்.

நோன்பு மாதமும் தோதாக வந்து சேர்ந்தது. இறைச்சிக்கடை பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகுதான் திறக்கும். நோன்பு திறக்கிற அவசரத்தில் வீட்டிலுள்ள எல்லாரும் கஞ்சிக் கோப்பையையும் பேரீச்சம்பழத்தையும் பார்ப்பார்களே தவிர, மீனை யார் பார்ப்பது? பதுர்தீன் மீனின் பங்கை ஒழுங்காகத்தான் வாங்கி வந்தான். ஆனால் கொல்லைப்பக்கத்துப் பூனைக்குப் போட்டான். பூனை பத்து நாளில் உருண்டு திரண்டது. ஒஸ்காரோ ஒவ்வொரு பின்னேரமும் கண்ணாடிக்கு வந்து அவன் கையையே பார்த்தது. அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டு, தொழுகைக்குக் கைகால் கழுவி ஒளுச் செய்யப் போனான். பகல் முழுக்கத் தன் வயிறு பசித்தபோதெல்லாம் மீனின் பசியும் நினைவு வந்தது. இன்னும் ஒரு நாள், இன்னும் ஒரு நாள் என்று தள்ளிப்போட்டான்.

"இஞ்ச பாருங்க, மீன் மெலிஞ்சில்லயா போயிரிக்கு" என்றாள் மஸூதா.

மழைத் தண்ணீரின் குளிர் என்றான். நோன்போடு சொன்ன பொய் அது.

பதினோராம் நாள் அஸருக்குப் பிறகு றஸ்மியா போட்ட சத்தத்தில் எல்லாரும் ஹோலுக்கு ஓடினார்கள். ஒஸ்கார் கெளுத்தியைத் தலைப்பக்கமாகக் கவ்வியிருந்தது. பாதி வாய்க்கு உள்ளே, பாதி வெளியே. கெளுத்தி செட்டை முள் இரண்டையும் விரித்து நிறுத்திவிட்டது. முள் ஒஸ்காரின் தொண்டையில் ஏறியிருந்தது. ஒஸ்காரால் விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை. கண்ணாடியில் மோதி மோதிப் புரண்டது. பதுர்தீன் தொட்டிக்குள் இரண்டு கையையும் விட்டு அதைத் தூக்கினான். ஆறு வருடத்தில் முதல் தடவையாக அந்த மீன் அவன் கைக்குள் திமிறியது.

யஹ்யா ஈரத்துணியில் இரண்டையும் சுற்றி, மாமனாரின் பாக்குவெட்டியால் முள்ளை அடியோடு நறுக்கினான். கெளுத்தி வெளியே வந்தது. தண்ணீரில் விட்டதும் சட்டிக்குக் கீழே போய் ஒளிந்துகொண்டது. ஒஸ்காரின் செவுளில் இரத்தம் நிற்கவில்லை. பதுர்தீன் அதைத் தண்ணீரில் பிடித்துக்கொண்டு முன்னும் பின்னும் மெல்ல அசைத்துப் பார்த்தான். அது ஒரு பக்கமாகச் சாய்ந்தது, பிறகு அசையவில்லை. யஹ்யாவின் விரல் அதன் ஒட்டிய வயிற்றைத் தடவியது. தலையை நிமிர்த்திப் பதுர்தீனைப் பார்த்தான். அந்த ஒரு பார்வையிலேயே அவனுக்கு எல்லாம் விளங்கிவிட்டது என்று பதுர்தீனுக்கும் விளங்கியது.

"தீனி ஒழுங்காப் போட்டதா?" என்று ஹாஜியார் கேட்டார்.

பதுர்தீன் மீனை ஈரத்துணியில் சுற்றத் தொடங்கினான். நோன்பு திறக்க இன்னும் அரைமணி நேரம் இருந்தது.

"நானா போட்டாரு மாமா" என்றான் யஹ்யா. "நான் கொண்டந்த சோடிதான் பிழை."

ஹாஜியார் சின்ன மருமகனை ஒரு முறை முறைத்துவிட்டு உள்ளே போனார். இத்தனை மாதத்தில் அவர் அவனை அப்படிப் பார்த்ததே இல்லை. பதுர்தீன் கேட்டு ஏங்கியதும் அதைத்தானே? அது கிடைத்தபோது அவன் கையில் செத்த மீன் இருந்தது.

மஃரிப் தொழுகை முடிந்து சஹன் வைத்தார்கள். மாமி வந்து குனிந்து, கோழி ஈரலை எடுத்துப் பதுர்தீனின் பக்கமாக வைத்தார். பிள்ளையைப்போல வளர்த்தவன், பாவம், மனசு உடைந்து போயிருப்பான் என்று சொல்லிக்கொண்டே வைத்தார். எதிரில் யஹ்யா தலை குனிந்து சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தான். அவன் முகத்தில் கோபம் இல்லை, குத்திக்காட்டலும் இல்லை. அதுதான் பதுர்தீனைப் போட்டு வாட்டியது. நோன்பு பிடித்த வாயால் தனக்காகப் பொய் சொல்லிவிட்டு இவனால் எப்படி இப்படி நிம்மதியாக உட்கார முடிகிறது? மீனைப் பறித்தான், மாமாவைப் பறித்தான், இப்போது நல்லவன் என்ற பேரையும் இவனே எடுத்துக்கொள்வதா? அந்த நல்ல மனசின் மேலும் பதுர்தீனுக்குப் பொறாமை வந்தது. அதையாவது விட்டுக்கொடுக்கக் கூடாது என்று தோன்றியது.

ஈரலை விரலால் தள்ளி யஹ்யாவின் பக்கம் வைத்தான்.

"தம்பி சொன்னது பொய் மாமா. பத்து நாளா நான்தான் தீனி போடல்ல. கெளுத்தியத் திண்டா இவருக்கு வெக்கமா இரிக்கும் எண்டுதான்."

சஹனில் ஒரு கையும் அசையவில்லை. மஸூதா கதவுக்குப் பின்னால் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். ஹாஜியார் சோற்றிலிருந்து கையை எடுத்தார்.

"மீனுக்கு நோன்பு கடமையில்லயே மகன்" என்றார்.

பிறகு ஈரலை எடுத்து இரண்டாகப் பிய்த்தார். ஒரு பாதியை யஹ்யாவின் பக்கம் வைத்தார், மறு பாதியைப் பதுர்தீனின் பக்கம் வைத்தார். பதுர்தீன் அதை வாயில் போட்டு வெகுநேரம் மென்றான். அது தொண்டையைத் தாண்டி இறங்கவில்லை.