ஓரத்துச் சிப்பாய்

இன்று ஜெயித்தால் மாநில செஸ் அணியில் இடம். டிரா ஆனாலும் தோற்றாலும் நாளை காலை லேபுக்குப் போய், வழக்கம்போல் அடுத்தவர் வாய்க்குப் பல்செட் செய்துகொண்டிருப்பேன். இன்னொரு முறை லீவு கேட்டால் வேலைக்கே வர வேண்டாம் என்று மேனேஜர் சொல்லியாயிற்று. ஆக, இதுதான் என் கடைசி வாய்ப்பு.

எதிரே ஒரு கல்லூரிப் பெண். எனக்குக் கறுப்பு. கறுப்பில் ஜெயிக்கச் சாதுவாக ஆடினால் ஆகாது. வெட்டு ஒன்று துண்டு இரண்டு என்கிற சிசிலியன் நைடார்ஃப்தான் என் தற்காப்பு. அதில் ஐந்தாவது நகர்த்தலில் ஓரத்துச் சிப்பாயை ஒரு கட்டம் தள்ள வேண்டும். பார்த்தால் வெட்டிவேலை. ஆனால் வெள்ளை பிஷப் உள்ளே வராமல் தடுக்கும் தாழ்ப்பாள் அதுதான்.

மூன்று மாதமாக எங்கள் சாப்பாட்டு மேசையில் செஸ் பலகைதான். தட்டை மடியில் வைத்துச் சாப்பிட்டோம். நான் வேலையிலிருந்து வருவதற்குள் கணவர் இரண்டு பக்கத்துக்கும் முதல் ஐந்து நகர்த்தல்களையும் ஆடி வைத்திருப்பார், அந்தச் சிப்பாய் உட்பட. ஆறாவதிலிருந்து நான். அதில் என் பதில் எப்போதும் ஒன்றுதான்: ராஜாவுக்கு முன் நிற்கும் சிப்பாய் இரண்டு கட்டம்.

இன்று ஐந்தாவதிலேயே என் கை அதைச் செய்துவிட்டது. கடிகாரத்தையும் அழுத்திவிட்டேன். பிறகுதான் ஓரத்தைப் பார்த்தேன். சிப்பாய் இடத்தைவிட்டு அசையவே இல்லை. அந்தப் பெண் என்னை ஒருமுறை பார்த்துவிட்டு பிஷப்பை எடுத்து செக் வைத்தாள்.

அதன்பிறகு நான் ஆடியதை ஆட்டம் என்றே சொல்லக் கூடாது. குதிரையைப் பலி கொடுத்தேன். ராணியைத் தன்னந்தனியாக அவள் ராஜாமீது ஏவினேன். பார்வையாளர் கயிற்றுக்கு அப்பால் கணவர் நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தார். எனக்கு அவரைக் கடிக்க வேண்டும்போல் இருந்தது.

நேரம் குறையக் குறைய அந்தப் பெண்ணும் கடிகாரத்தையே பார்க்க ஆரம்பித்தாள்.

"டிரா வச்சுக்கலாமா?" என்றாள்.

தோற்க வேண்டிய ஆட்டம், மானமாவது மிஞ்சும். மானத்தை வைத்து அணிக்குப் போக முடியாதே. மாட்டேன் என்று தலையாட்டி ராணியை நகர்த்தினேன். அவள் சரியான பதிலைக் கண்டுபிடித்தாள். கொஞ்ச நேரத்தில் தோல்வியை ஒப்புக்கொண்டு கைகொடுத்து எழுந்தேன்.

வெளியே கணவர் என் முகத்தைப் பார்க்கவே இல்லை.

"களைச்சு வருவியேன்னுதான் அதையெல்லாம் நகர்த்தி வச்சேன்."

திட்டத்தான் வாயெடுத்தேன். இப்படிப்பட்ட மனுஷரை எதைச் சொல்லித் திட்டுவது? அழுகைதான் வந்தது.

"வீட்டுக்குப் போனதும் பலகையை எடுத்து உள்ள வச்சிடுங்க," என்றேன். "இனிமே மேசையிலயே சாப்பிடலாம்."