மூட்டை வெளியே இருக்கட்டும்

தெருவுல எனக்குப் பட்டாசுன்னு பேர். வாயைத் திறந்தா வெடிக்கிறேனாம். வெடிக்காம என்ன செய்ய? அந்த வாரம் அடிச்ச வெயில் அப்படி. தையல் கடையை விட்டு இறங்கினா செருப்பு தார்ல ஒட்டிக்கிட்டு வர மாட்டேங்குது. பாலத்தடியில பன்னிரண்டு பேர், வீடு வாசல் இல்லாதவங்க, சுருண்டு கிடந்தாங்க. ரெண்டு நாள் பார்த்தேன், மனசு கேக்கல. நேரா குடியிருப்போர் சங்கத் தலைவர் முன்னாடி போய் நின்னேன்.

"பகல் முழுக்க சங்கத்து ஹால் பூட்டித்தானே கிடக்கு? ஏசி இருக்கு. திறந்து விடுங்க."

அவர் மென்னு முழுங்கினார். நான் விடுவேனா? சாவியை வாங்கிட்டுத்தான் நகர்ந்தேன். ஏசி மெக்கானிக்கா இருக்கிற என் கொழுந்தன் ரெண்டு மெஷினையும் சுத்தம் பண்ணி ஓட விட்டான். எதிர்வீட்டுக்காரங்க தண்ணி கேன் கொடுத்தாங்க. பன்னிரண்டு பேரும் வந்து உள்ள உக்காந்தாங்க. எனக்குப் பெருமை தாங்கல.

ஒரே ஒரு விஷயம். தரைவிரிப்பு புதுசு. அழுக்கு மூட்டையெல்லாம் அது மேல வெச்சா நாளைக்கு யார் துவைக்கிறது? "மூட்டை வெளியே இருக்கட்டும்"னு அட்டையில கொட்டை எழுத்துல எழுதிக் கதவுல ஒட்டினேன். தலைவர் கேக்கக்கூட இல்ல. நானாத்தான் ஒட்டினேன்.

முதல் நாள் மதியம் குப்பை வண்டி வந்துது. விளக்குக் கம்பத்தடியில ஒரு நீலச் சாக்கு கிடந்துது. "அதையும் அள்ளிக்கிட்டுப் போங்க"ன்னு டிரைவருக்குக் கை காட்டினேன். தெரு சுத்தமா இருக்கணும் எனக்கு. வண்டி தெருமுனை திரும்பறப்ப, உள்ள இருந்த நெட்டையா ஒருத்தர், அம்பது வயசு இருக்கும், கதவைத் தள்ளிக்கிட்டு வெளிய ஓடினார். நடுரோட்டுல, அந்த வெயில்ல. மூச்சு வாங்கத் திரும்பி வந்தவரைப் பார்த்து எனக்குச் சிரிப்பு.

"என்னய்யா, ஓட்டப்பந்தயத்துக்குப் பயிற்சியா?"

அவரும் சிரிச்சார்.

மறுநாள்ல இருந்து அந்த நெட்டையர் உள்ளயே வரல. வாசல்ல, சுவரோரமா அடுக்கி வெச்சிருந்த மூட்டைங்க பக்கத்துல உக்காந்துக்கிட்டார். காலையில அங்க நிழல் இருக்கும். பதினொரு மணிக்கு மேல பொட்டு நிழல் கிடையாது. நான் கத்தாத கத்தல் இல்ல.

"உள்ள வாய்யா! உனக்காகத்தானே ஏசி போட்டு வெச்சிருக்கு?"

"எனக்கு இங்கயே சரியா இருக்கும்மா."

வீம்புன்னு நினைச்சேன். நாலாவது நாள் எனக்குக் கோவம் தலைக்கேறிடுச்சு. "காயணும்னு தலையெழுத்துன்னா காய்ஞ்சுக்கோ!"ன்னு ஒரு தண்ணி பாட்டிலைப் படியில வெச்சுட்டு, குளிர் வெளிய போகக்கூடாதுன்னு கதவை இழுத்துச் சாத்தினேன்.

ரெண்டு மணி இருக்கும். கொழுந்தன் வெளியில இருந்து கத்தினான். "அண்ணி! ஓடி வாங்க!"

பாட்டில் வெச்ச இடத்துலயே இருந்துது, மூடிகூடத் திறக்கல. நெட்டையர் மூட்டைங்க மேல சாய்ஞ்சு கிடந்தார். கண்ணு மேல சொருகியிருந்துது. தொட்டேன். ஐயோ! இஸ்திரிப் பெட்டியைத் தொட்ட மாதிரி கையை இழுத்துக்கிட்டேன். உடம்புல ஒரு சொட்டு வேர்வை இல்ல. வாயில தண்ணி ஊத்தப் போனேன்.

"ஊத்தாதீங்க அண்ணி, புரையேறிடும்! உள்ள தூக்கணும்!"

தூக்கினா மூட்டைங்களும் கூடவே இழுபடுது. அப்பத்தான் பார்த்தேன். ஒவ்வொரு மூட்டையிலும் ஒரு கயிறு கட்டி, எல்லா நுனியையும் சேர்த்துத் தன் மணிக்கட்டுல சுத்தி வெச்சிருந்தார். கடைக்கு ஓடிப் போய்க் கத்திரி கொண்டு வந்தேன். ஒரு கயித்தை வெட்டவே மூணு தடவை ஆச்சு. அந்த நிலைமையிலயும் மனுஷன் விரலை மடக்கி மடக்கிக் கயித்தைப் பிடிக்கப் பார்த்தார்.

புது விரிப்பு மேலதான் கிடத்தினோம். சட்டையைக் கழட்டி, ஈரத்துணி போர்த்தி, கழுத்துலயும் அக்குள்லயும் ஐஸ் வெச்சோம். கொழுந்தன் ஆம்புலன்சுக்கு போன் போட்டான். நான் அட்டையை எடுத்து விசிறினேன். எந்த அட்டைன்னு அப்புறம்தான் பார்த்தேன், கதவுல இருந்து நானே பிய்ச்சிருக்கேன்.

ஆம்புலன்ஸ்காரர் வந்து ஸ்ட்ரெச்சர்ல ஏத்தினார். "பேர் என்ன? கார்டு ஏதாவது இருக்கா? ஏற்கெனவே மாத்திரை எதுவும் சாப்பிடறாரா?"

யாருக்கும் தெரியல. நான் வெளிய பாய்ஞ்சு மூட்டைங்களைப் புரட்டினேன். "இதுல இவரோடது எது? சீக்கிரம் சொல்லுங்க!"

உள்ள இருந்தவங்க எல்லாரும் வாசலுக்கு வந்துட்டாங்க. இந்த வெயில்லயும் சால்வை போர்த்தியிருக்கிற ஒரு அம்மாதான் முன்னாடி வந்தாங்க.

"இதுல அண்ணனோடது இல்லம்மா. எண்ணிப் பாருங்க. பதினொண்ணுதான் இருக்கும்."

"அப்ப அவரோடது?"

"நீலச் சாக்கு."

எனக்கு மண்டைக்குள்ள என்னமோ அப்படியே நின்னு போச்சு.

"கார்டு, சக்கரை மாத்திரை, அவர் பொண்ணு போட்டோ எல்லாம் அதுலதான் இருந்துது. நீங்க கை காட்டினதை ஜன்னல் வழியாப் பார்த்துட்டுத்தான் ஓடினார். கிடைக்கல. மத்தவங்களோடதாவது போகக்கூடாதுன்னு அடுத்த நாள்ல இருந்து வெளியவே உக்காந்துட்டார்."

"அடப்பாவிகளா, என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே!"

"சொல்லத்தான் கிளம்பினேன். அண்ணன்தான் தடுத்துட்டார். 'அந்தம்மா நல்லவங்க, ஆனா சட்டுனு கோவம் வரும். கோவத்துல கதவைப் பூட்டிட்டா நீங்கல்லாம் எங்க போவீங்க'ன்னு."

ஓட்டப்பந்தயத்துக்குப் பயிற்சியான்னு கேட்டேனே. அந்த மனுஷன் சிரிச்சாரே. "மூட்டையெல்லாம் உள்ள கொண்டு வாங்க, எல்லாத்தையும்!"னு மட்டும் கொழுந்தன்கிட்ட சொல்லிட்டு ஆம்புலன்ஸ்ல ஏறினேன். சக்கரை மாத்திரை சாப்பிடறவர், நாலு நாளா மாத்திரை இல்லன்னு ஏறினவுடனே சொன்னேன்.

பாதி வழியில ஊசியும் ஐஸுமா உடம்புச் சூடு கொஞ்சம் இறங்கிச்சு. "பொழைச்சுக்குவார்ங்க. நல்லவேளை, நேரத்துக்குப் பார்த்தீங்க"ன்னார் ஆம்புலன்ஸ்காரர். நான் நாலு நாளா அவரைப் பார்த்துக்கிட்டுத்தான் இருந்தேன்.

நெட்டையர் கண்ணை லேசாத் திறந்தார். கை எதையோ தேடிச்சு. நான் அந்தக் கையைப் பிடிச்சுக்கிட்டேன்.

"பதினொண்ணும் பத்திரமா இருக்குய்யா. உள்ளதான் இருக்கு, விரிப்பு மேல."

அவர் என்னையே பார்த்தார். யாருன்னு புரிஞ்சதும் முகம் மாறிச்சு. உதடு ஒட்டிக்கிட்டு வார்த்தை வரல. குனிஞ்சு காதை வெச்சேன்.

"கோவப்படாதீங்கம்மா. கதவை மட்டும் சாத்திடாதீங்க."