பதினேழு என்று நினைத்த பதினாறு

எட்டாம் பிரிவு வாசிக்கப்படும்போதே சட்டமன்ற உறுப்பினரின் கால் மேஜைக்கு அடியில் தாளம் போட ஆரம்பித்துவிட்டது.

பட்ஜெட்டின் பதினேழாவது பிரிவு, கடைகளுக்குத் தண்ணீர் வரியை இரண்டு மடங்காக்குகிறது. நிறைவேறினால் அக்காவின் சலவைக்கடைக்குப் பூட்டுதான். "உள்ள நீ இருக்கியே, விட்டுடுவியா?" என்று அக்கா கேட்டதற்கு, விடமாட்டேன் என்று பலமாகத் தலையாட்டிவிட்டு வந்திருந்தார். ஆளுங்கட்சிக்காரராக இருப்பதுதான் சிக்கல். அதைவிடப் பெரிய சிக்கல், கட்சிக் கொறடா அவருடைய மாமனார்.

"மாப்ள, வாயத் தொறந்தீங்கன்னா கட்சியிலயும் இடமில்ல, வீட்டுலயும் சோறில்ல" என்று வாசலிலேயே எச்சரித்திருந்தார்.

"வீட்டுல சோறாக்குறதே நான்தான் மாமா. நீங்க கட்சியப் பாருங்க."

எதிர்க்கட்சி வழக்கம்போல வெளிநடப்பு செய்துவிட்டுக் கேன்டீனில் இருந்தது. யாராவது ஒருவர் எழுந்து "எண்ணணும்" என்று கேட்டால், எல்லோரும் பெயர் சொல்லி ஓட்டுப் போட வேண்டும். கேட்காவிட்டால் சபாநாயகர் சுத்தியலைத் தட்டுவார், கதை முடிந்தது. அவரோ எண்களை மட்டும் படபடவென்று வாசிப்பவர்.

"பதினைந்து, நிறைவேறியது. பதினாறு, நிறைவேறியது. பதினேழு..."

உறுப்பினர் துள்ளி எழுந்தார். "எதிர்க்கிறேன்! எண்ணணும்!"

மாமனார் தலையில் கை வைத்தார். பின்வரிசையிலிருந்து ஒரு குரல் பதறியது: "யோவ், அது நம்ம சம்பள உயர்வுய்யா!"

உறுப்பினர் கையிலிருந்த தாளைத் திருப்பினார். காலையில் ஒரு பிரிவை நீக்கியதில் அதற்குப் பிந்தைய எண்களெல்லாம் ஒன்று குறைந்திருந்தன. அந்தப் புதிய பட்டியலின் பின்பக்கத்தில்தான் தன் பேச்சை எழுதியிருந்தார். முன்பக்கத்தைப் பார்க்கவே இல்லை. தண்ணீர் வரி பதினாறாகிக் கண்ணெதிரே போய்விட்டது.

அதற்குள் மாமனார் குனிந்தபடி ஓடி வந்தார்.

"மாப்ள, டிவில நேரலையா ஓடுது. சம்பளத்தக் கூட்டுங்கன்னு எவன் பேர் சொல்லி எந்திரிப்பான்? வாபஸ் வாங்குங்க."

மாமனாருக்கு இப்படி வியர்த்து அவர் பார்த்ததே இல்லை.

"தண்ணி வரிய எடுக்கச் சொல்லுங்க. உட்கார்றேன்."

"அதான் நிறைவேறிடுச்சே!"

"முழு பட்ஜெட்டுக்கும் கடைசி ஓட்டு பாக்கி இருக்குல்ல? அதுக்கு முன்னால நிதியமைச்சர் மாத்தலாம் மாமா. நீங்க சொல்லிக்கொடுத்ததுதான்."

மாமனார் முறைத்தார். பிறகு முன்வரிசைக்கு ஒரு சீட்டு போனது. நிதியமைச்சர் எழுந்து, மக்கள் நலன் கருதிப் பதினாறாவது பிரிவைத் திரும்பப் பெறுவதாகச் சொன்னார். உறுப்பினர் உட்கார்ந்தார். சுத்தியல் தட்டியது, சம்பளம் உயர்ந்தது.

வெளியே வந்ததும் அக்காவின் போன்.

"டிவில பார்த்தோம்டா! சம்பளம் வேண்டாம்னு நீ எந்திரிச்சதும் கடையில எல்லாரும் கைதட்டினாங்க. அப்புறம் ஏன்டா உட்கார்ந்துட்டே?"

"அக்கா, தண்ணி வரி போயிடுச்சுல்ல?"

"போயிடுச்சு, நல்லாரு. ஆனா இங்க நிக்கிறவங்க கேக்குறாங்களே, நான் என்னடா சொல்ல?"

உறுப்பினர் போனை மறு காதுக்கு மாற்றிக்கொண்டார். அந்தக் காதிலும் அதே கேள்விதான் கேட்டது.