படுத்துக்கிடந்த வெளிச்சம்

ஆம்பூரில் தோல் பதனிடும் ஷாப்பில் தரம் பிரிக்கிற சர்தார் பாஷா ‘முதல் தரம்’ என்று சொல்லிவிட்டால் அதற்கு மேல் அப்பீல் கிடையாது. அப்பேர்ப்பட்ட மனுஷர் ஆறு மாதமாகச் செத்துச் செத்துப் பிழைத்தார். எண்ணெய் போட்ட தோலை விரித்தால் பளபளப்பு கண்ணில் அடித்தது. கீறலும் உண்ணி கடித்த வடுவும் அதற்குள் ஒளிந்துகொண்டன. கண் போய்விட்டது என்று தானே தீர்ப்பும் எழுதிக்கொண்டார். கண் போனால் வேலை போச்சு. வீட்டில் மூச்சு விடவில்லை. ஒவ்வொரு தொழுகையிலும் கண்ணைக் கேட்டு அழுதார்.

மறுநாள் மதராஸ் வியாபாரி சரக்கைப் பார்க்க வருகிறார் என்றதும் பயம் முற்றி, பால்ய சிநேகிதர் கோவிந்தசாமியிடம் மட்டும் சொன்னார். பள்ளிக்கூடத்து சயின்ஸ் வாத்தியாரான அவர், பச்சைக் கல் வில்லை ஒன்றோடு ஷாப்புக்கே வந்துவிட்டார்.

“பாஷா, ஆட்டு மயிரு ஒரு பக்கமா படிஞ்சிருக்குமில்ல? தோல்மேல சாய்வா பட்டுத் தெறிக்கிற வெளிச்சமும் அப்படித்தான், ஒரே வாட்டமா படுத்துக்கும். இந்தக் கல்லுக்கும் ஒரு வாட்டம் இருக்கு; அது நேரா நின்னா நிக்கிற வெளிச்சத்த விடும், படுத்தத விடாது.”

பாஷா கல்லைக் கண்ணில் வைத்துக்கொண்டு, தரம் பார்க்கிற பழக்கத்தில் தோலைச் சுற்றிச் சுற்றித் திருப்பினார். பளபளப்பு அசையவில்லை.

“இன்னா வாத்தியாரே, பேஜார் பண்றே!”

“அட, தோலத் திருப்பாதேப்பா, கல்லத் திருப்பு!”

திருப்பினார். பளபளப்பு அணைந்தது. முதல் தரம் என்று ஒதுக்கிய தோலில் உண்ணி வடு பல்லைக் காட்டியது.

குறை தோலில் இல்லை, கண்ணிலும் இல்லை. பாஷா நிமிர்ந்தார். எதிரே, ஆறு மாதத்துக்கு முன் முதலாளி சுவரை இடித்து வைத்த புது ஜன்னல்! சத்தம் போட்டு ஆள் கூப்பிட்டு, வெளிச்சம் பக்கவாட்டில் விழும்படி மேஜையைத் திருப்பிப் போட்டார். கல் இல்லாமலே எல்லாம் தெரிந்தது. பொழுது சாய்வதற்குள் சரக்கு முழுவதையும் மறுபடி பிரித்தார்.

மறுநாள் வியாபாரி ஒரு சொல் குறை சொல்லவில்லை. பாஷா அஸர் தொழுதுவிட்டு நேராகப் பள்ளிக்கூடம் போய்க் கல்லைத் திருப்பிக் கொடுத்தார்.

“நீயே வெச்சுக்கயேன், அவசரத்துக்கு.”

“வேணாம், புள்ளைங்களுக்குக் காட்டு. ஆறு மாசமா என் கண்ணுக்கே துவா கேட்டுக்கிட்டு இருந்தேன் வாத்தியாரே. இன்னிக்கு உன் கண்ணுக்குக் கேட்டேன்.”